விட்ட மீன் இரையல்ல, அதன் குஞ்சே இரை: ஒரு ஏக்கர் புதுக் குளத்தின் முதல் நான்கு கோடைகள்

குளமும் கேள்வியும்

அமெரிக்காவின் அலபாமா, ஜார்ஜியா பக்கம் சொந்த நிலத்தில் குளம் வெட்டுகிறவர்களில் நிறையப் பேருக்கு நோக்கம் பாசனமல்ல, தூண்டில்தான். அங்கே இந்தக் குளங்களுக்கென்று ஏறத்தாழ நிலைபெற்றுவிட்ட ஒரு ஜோடி உண்டு. வேட்டை மீன் லார்ஜ்மவுத் பாஸ். அதற்கு இரை புளூகில் என்கிற, தட்டையான, வாய் சிறுத்த மீன். பாஸ் கொழுக்கவேண்டும் என்பதுதான் குளக்காரரின் ஆசை. ஆனால் குளம் நன்றாக அமைவதும் கெடுவதும் முதல் இரண்டு ஆண்டுகளில் புளூகிலை எப்படி வைத்துக்கொண்டோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது குறிப்பிட்ட ஒருவருடைய குளமல்ல. அந்தப் பகுதியில் வழக்கமாக அமையும் ஒரு ஏக்கர் குளத்தை எடுத்து, நீர் நிரம்பிய நாள் முதல் நான்காவது கோடை வரை அதில் என்னென்ன நடக்கும், எந்த இடத்தில் பிசகும் என்பதை வரிசைப்படுத்தியிருக்கிறோம். குளத்தின் அமைப்பு இது: ஆழமான இடம் எட்டு முதல் பத்து அடி, கரையோரம் மூன்றடிக்கு ஓரடி என்ற சரிவில் வெட்டப்பட்டதால் நாலைந்து எட்டிலேயே இடுப்பளவு நீர், நீர் வரத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து, மண் செந்நிறக் களி, நீர் மென்னீர், காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கீழே. அரை ஏக்கருக்கும் குறைந்த குளத்தில் இந்த ஜோடியைச் சமநிலையில் வைப்பது மிகக் கடினம். ஆகவே கீழே வரும் அளவுகளை வீட்டுத் தோட்டத் தொட்டிக்கு வகுத்துப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஹோமர் ஸ்காட் ஸ்விங்கில். இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் அலபாமா பாலிடெக்னிக் நிறுவனத்தில் 1930-களில் தொடங்கிப் பல குளங்களில் மீன் விட்டு, பின்பு நீரை வடித்து உள்ளே இருந்ததை எல்லாம் எடைபோட்டுப் பார்த்தவர். 1950-இல் அவர் வெளியிட்ட கணக்குகளே இன்றைக்கும் குளக்காரர்களுக்குச் சொல்லப்படும் அளவுகளின் வேர். இரை மீன்களின் மொத்த எடையை வேட்டை மீன்களின் மொத்த எடையால் வகுத்தால் கிடைப்பது எஃப்/சி விகிதம். அது 3-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கும் குளமே நல்ல குளம் என்று அவர் கண்டார். இன்னொன்று ஏ.டி. மதிப்பு: குளத்திலுள்ள மொத்த மீன் எடையில் பிடித்துச் சாப்பிடும் அளவுக்கு வளர்ந்தவை எத்தனை சதவீதம் என்பது. அது 60 முதல் 85 வரை இருந்தால் சிறப்பு. இரண்டையும் சரியாகக் கணக்கிடக் குளத்தையே வடித்தாகவேண்டும். குளக்காரர் அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பது பின்னால் வருகிறது.

ஒரு எளிய கணக்கு

இரை மீன் வாங்குகிறவர் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார். ‘ஆயிரம் புளூகில் விட்டாச்சு, நூறு பாஸுக்கு அது போதாதா’ என்று கேட்பார். எடையில் பார்ப்போம். இரண்டங்குல புளூகில் ஒன்று சுமார் 2 கிராம். ஆயிரம் குஞ்சும் சேர்ந்து 2 கிலோ. நூறு பாஸில் எண்பது தங்கி, ஓராண்டில் தலைக்கு 300 கிராம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 24 கிலோ பாஸ் உடம்பு உருவாகவேண்டும். ஒரு கிலோ பாஸ் வளர 5 முதல் 10 கிலோ இரை செல்லும். அப்படியானால் தேவை 120 கிலோவிலிருந்து 240 கிலோ. பூச்சி, தவளைக்குஞ்சு, நன்னீர் நண்டு என்று ஒரு பங்கைக் கழித்தாலும், விட்ட 2 கிலோ மீனுக்கும் தேவைப்படும் இரைக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

அந்தப் பள்ளத்தை நிரப்புவது புளூகிலின் இனப்பெருக்கம் ஒன்றே. விட்ட புளூகில் கைமுதல், அது பொரிக்கும் குஞ்சு வட்டி. பாஸ் வட்டியை மட்டும் தின்று வளரும்படி பார்த்துக்கொள்வதுதான் இரை மீன் மேலாண்மை. கைமுதலையே தின்னவிட்டால் இரண்டாம் ஆண்டில் குளம் காலி. வட்டியைத் தின்ன ஆளில்லாமல் விட்டால் மூன்றாம் ஆண்டில் குளம் முழுக்க மூன்றங்குலப் புளூகில். இந்த இரண்டாவதுதான் உண்மையில் மோசமானது, காரணம் கீழே.

மீன் விடுமுன்

புதுக் குளத்தில் மீனே இருக்காது என்று நம்புவது முதல் பிழை. தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குட்டையிலும், நீர் வரும் ஓடையிலும் கிரீன் சன்ஃபிஷ், புல்ஹெட் கெளுத்தி போன்றவை ஏற்கெனவே இருக்கும். கிரீன் சன்ஃபிஷ் புளூகிலின் உறவுதான், ஆனால் வாய் பெரிது. பாஸ் குஞ்சையும் தின்னும், புளூகிலின் இரையிலும் பங்கு கேட்கும். புல்ஹெட் அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கும். எனவே நீர் நிரம்புமுன், தேங்கிய குட்டைகளை வடித்து உலர்த்தவேண்டும். முடியாதபோது ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்திட்டு ஒழிக்கவேண்டும். அமெரிக்காவில் ரோட்டினோன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. உரிமம் பெற்றவரே இடவேண்டும். நிரம்பிய குளத்தில் இதைச் செய்வதற்கு ஆகும் செலவு, அடியில் நாலு குட்டையாகக் கிடக்கும்போது ஆகும் செலவைப்போல் பல மடங்கு.

அடுத்தது சுண்ணாம்பு. காரத்தன்மை 20-க்குக் கீழே இருந்தால் பிறகு இடும் உரம் முழுதும் வீண். பாஸ்பரஸ் அடிமண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும், நீரில் பச்சை பிடிக்காது. வயலுக்கு இடும் சாதாரண சுண்ணாம்புக்கல் தூள், ஏக்கருக்கு 2 டன் என்பது அந்தப் பகுதிச் செம்மண்ணுக்கு வழக்கமான தொடக்க அளவு. சரியான அளவை அடிமண் பரிசோதனைதான் சொல்லும். குளம் காய்ந்திருக்கும்போது டிராக்டர் வைத்துத் தூவிவிடலாம். நீர் நிரம்பிய பிறகென்றால் படகில் ஏற்றி, குளம் முழுக்கச் சமமாகக் கொட்டிக்கொண்டே போகவேண்டும். கரையோரம் ஒரே குவியலாகக் கொட்டுவது எதற்கும் உதவாது. சுட்ட சுண்ணாம்பும் நீற்றுச் சுண்ணாம்பும் வேண்டாம். பி.எச். சட்டென ஏறி மீனைக் கொன்றுவிடும்.

புதுக் கரையிலிருந்து மழையில் வழியும் களிமண் மூன்றாவது சிக்கல். கலங்கிய நீரில் ஒளி இறங்காது, மிதவை நுண்ணுயிர்கள் வளரா, புளூகில் குஞ்சுக்கு முதல் உணவு இல்லை. பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். அதற்கும் கலங்கல் ஆகாது. ஒரு கண்ணாடிக் குடுவையில் குளத்து நீரைப் பிடித்து ஒரு வாரம் அசையாமல் வைத்துப் பார்க்கவேண்டும். தெளிந்துவிட்டால் குளத்தில் ஏதோ கலக்கிக்கொண்டிருக்கிறது: மாடு இறங்குகிறது, அல்லது கரை அரிக்கிறது. தெளியவில்லையென்றால் மிதக்கும் களித்துகள்தான் காரணம், ஜிப்சம் இடலாம். எதைச் செய்வதற்கு முன்பும் கரையில் புல் பிடிக்கச் செய்வதே முதல் வேலை.

இலையுதிர் காலம்: புளூகில் மட்டும்

அக்டோபர் முதல் குளிர்காலத்துக்குள் புளூகில் விரலிகள், அதாவது விரலளவுக் குஞ்சுகள். உரமிடத் தீர்மானித்த குளத்துக்கு ஏக்கருக்கு 1,000. உரமிடாத குளத்துக்கு 500. இதில் ஐந்தில் ஒரு பங்கை ரெட்இயர் சன்ஃபிஷாக மாற்றிக்கொள்ளலாம், அதாவது 800 புளூகிலும் 200 ரெட்இயரும். ரெட்இயர் நத்தை தின்னும். அதனால் நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணிகளும் குறையும். ஆனால் அது புளூகில் அளவுக்குக் குஞ்சு பொரிக்காது. ஆகவே ரெட்இயரை மட்டும் நம்பி பாஸ் விடக்கூடாது.

விற்பனையாளர்கள் ஆசைகாட்டும் ‘கலப்பின சன்ஃபிஷ்’ இந்தக் குளத்துக்கு வேண்டாம். பெரும்பாலும் ஆண்களாகவே பிறக்கும் அந்த மீன் வேகமாக வளரும், தூண்டிலில் பாய்ந்து கடிக்கும். குஞ்சு போதிய அளவு பொரிக்காது. நம் கணக்கில் வட்டி தராத கைமுதல்.

ஃபேட்ஹெட் மினோ என்ற சின்ன மீனைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் தவறான எதிர்பார்ப்பு அதிகம். மூன்றங்குலத்தைத் தாண்டாது, மெதுவாக நீந்தும், பாஸுக்கு இதைவிட எளிதான இரை இல்லை. நீர் 18 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் முட்டையிடத் தொடங்கி, கோடை முழுக்கச் சில நாளைக்கொருமுறை இடும். முட்டையை ஏதாவது ஒரு தட்டையான பொருளின் அடிப்பக்கத்தில் ஒட்டும். ஆண் மீன் காவல் காக்கும். களிமண் தவிர வேறெதுவும் இல்லாத புதுக் குளத்தில் அதற்கு இடமே இருக்காது. பழைய மரப்பலகை, ஓட்டை விழுந்த தட்டு, பலகைச் சட்டம் என்று எதையாவது கரையோரம் ஓரடி முதல் மூன்றடி ஆழத்தில், அடியில் கைநுழையும் இடைவெளி விட்டு வைத்தால் முட்டை பல மடங்காகும். ஏக்கருக்கு 2 முதல் 5 கிலோ, பாஸ் விடுவதற்குக் குறைந்தது சில மாதம் முன்பு விட்டால், பாஸ் குஞ்சுக்கு முதல் கோடையில் நல்ல தொடக்கம் கிடைக்கும்.

அவ்வளவுதான் அதன் பயன். பாஸ் ஓரளவு வளர்ந்ததும் ஓராண்டு, இரண்டாண்டுக்குள் ஃபேட்ஹெட் குளத்திலிருந்து மறைந்துவிடும். இது தோல்வியல்ல, எதிர்பார்க்கவேண்டியதே. பாஸ் நிலைபெற்ற குளத்தில் ஆண்டுதோறும் ஃபேட்ஹெட் வாங்கிக் கொட்டுவது விலையுயர்ந்த ஒரு வேளைச் சாப்பாடு. நிலையான இரையாக அதனால் ஆக முடியாது. இன்னொரு எச்சரிக்கை: தூண்டில் இரைக்காக விற்கப்படும் மினோ கூட்டத்தில் கிரீன் சன்ஃபிஷ், புல்ஹெட் குஞ்சுகள் கலந்து வருவதுண்டு. வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டே குளத்தில் விடவேண்டும்.

எந்த மீனானாலும் விடும் முறை ஒன்றே. பையைக் குளத்தில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடவேண்டும். பை நீருக்கும் குள நீருக்கும் வெப்ப வேறுபாடு 3 டிகிரிக்குள் வந்த பிறகு, கொஞ்சங்கொஞ்சமாகக் குளத்து நீரைப் பையில் சேர்த்து, மீன் தானாக வெளியே நீந்தும்படி சாய்க்கவேண்டும். அதிர்ச்சியில் சாகும் குஞ்சு அன்றைக்கே மிதக்கும் என்ற உறுதியில்லை. மூன்று நாள் கழித்து அடியில் கிடக்கும், யாருக்கும் தெரியாது.

வசந்தம்: நீரைப் பச்சையாக்குதல்

நீர் 16 முதல் 18 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றதும் உரம் தொடங்கலாம். நீரில் கரையும் 12-52-4 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) தூள் உரமென்றால் ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிலோ. 10-34-0 திரவ உரமென்றால் 2 முதல் 4 லிட்டர், பத்து மடங்கு நீரில் கரைத்த பிறகே ஊற்றவேண்டும். கரைக்காமல் ஊற்றினால் நீரைவிடக் கனமான அந்தத் திரவம் நேராக அடிச்சேற்றில் இறங்கி, பாஸ்பரஸ் மண்ணோடு போய்விடும். அளவுகோல் செக்கி தட்டு: குச்சி முனையில் வெள்ளைத் தட்டு ஒன்றைப் பொருத்தி நீரில் இறக்கி, கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைப் பார்ப்பது. 18 முதல் 24 அங்குலத்தில் மறைந்தால் நிறைவு. 24-ஐத் தாண்டித் தெரிந்தால் மறுபடி உரம். 12 அங்குலத்துக்குள் மறைந்தால் உரத்தை நிறுத்திவிட்டு, மேகமூட்டமான நாள்களில் விடியற்காலையில் போய்ப் பார்க்கவேண்டும்: புளூகில் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தால் பிராணவாயு தீர்ந்துகொண்டிருக்கிறது, காற்றூட்டி தேவை.

நுண்ணுயிர் மிதவை பிடித்த நீர் புளூகில் குஞ்சின் முதல் உணவு மட்டுமல்ல, அடியில் ஒளி விழாமல் தடுத்து நீர்ப்பூண்டு முளைப்பதையும் அடக்குகிறது. பூண்டு நிறைந்த குளத்தில் உரமிட்டால் பூண்டுதான் கொழுக்கும். முதலில் அதை ஒழிக்கவேண்டும். நீர் கலங்கியிருந்தாலும், உபரி நீர் வழிந்தோடும் கலிங்கு வழியாகச் சதா நீர் வெளியேறிக்கொண்டிருந்தாலும் உரம் வேண்டாம். ஒரு ஆண்டு உரமிட்டு, 1,000 என்ற கணக்கில் மீன் வளர்த்துவிட்டு, மறு ஆண்டு நிறுத்திவிடுவது உரமே இடாததைவிடக் கெடுதல். குளத்தின் தாங்கு திறன் திடீரென்று சரியும், மீன் மெலியும். தொடர்ந்து செய்ய மனமில்லாதவர் முதலிலேயே ஏக்கருக்கு 500 புளூகில், 50 பாஸ் என்ற கணக்குக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

ஜூன்: பாஸ்

மே மாதக் கடைசியில் அல்லது ஜூனில், இரண்டங்குல பாஸ் விரலிகள். உரமிட்ட குளத்துக்கு ஏக்கருக்கு 100, உரமிடாததற்கு 50. அப்போது புளூகில் நாலு, ஐந்து அங்குலமாகி, கரையோரம் மணலில் வட்ட வட்டமாகக் குழி பறித்து முதல் முட்டைத் தொகுதியை இட்டிருக்கும். அரை அங்குலக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகத் திரியும். இரண்டங்குல பாஸால் அவற்றை விழுங்க முடியும். தாய் புளூகிலைத் தொட முடியாது. புளூகில் செப்டம்பர் வரை திரும்பத் திரும்ப முட்டையிடுவதால், பாஸ் வளர வளர அதன் வாய்க்கேற்ற இரை எப்போதும் குளத்தில் இருக்கும். முறையின் உயிர் இந்த ஒரு பொருத்தத்தில் இருக்கிறது.

பாஸ் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள புளூகிலை விழுங்கும். புளூகில் அகலமான மீன் என்பதால் அதற்குமேல் தொண்டையில் இறங்காது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு வரிசை மாறினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

இரண்டையும் இலையுதிர் காலத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பருவத்தில் கிடைக்கும் பாஸ் வசந்தத்தில் பிறந்தது, ஆறங்குலம் இருக்கும். இரண்டங்குலப் புளூகில் அதற்குச் சரியான கவளம். வசந்தத்தில் முட்டையிடவேண்டிய புளூகில் குளிர்காலத்திலேயே தின்னப்பட்டுவிடும். பக்கத்துக் குளத்திலிருந்து ‘சும்மா பத்து பெரிய பாஸ்’ கொண்டுவந்து விடுவதும் இதே கதிதான். அதோடு கிராப்பி போன்ற வேண்டாத மீனும் சேர்ந்து வரும். சின்னக் குளத்தில் கிராப்பி நுழைந்துவிட்டால் குளத்தை வடிக்காமல் அதை வெளியேற்ற முடியாது.

மறுபக்கம், ‘புளூகில் நன்றாகப் பெருகட்டும், அடுத்த வருடம் பாஸ் விடலாம்’ என்று காத்திருக்கிறவர். பார்ப்பதற்கு நிதானமான யோசனைபோலத் தெரியும். முடிவு அதைவிடக் கெட்டது. ஒரு முழுக் கோடை தடையில்லாமல் பொரித்த குஞ்சு, அடுத்த ஜூனில் மூன்றங்குலமாகிக் குளத்தை நிறைத்திருக்கும். புதிதாக வரும் இரண்டங்குல பாஸால் அதில் ஒன்றையும் விழுங்க முடியாது. பூச்சிக்கும் மிதவைக்கும் அதே புளூகிலோடு போட்டிபோடவேண்டும். பாஸ் ஒருவழியாக வளர்ந்து முட்டையிட்டாலும், பசித்த புளூகில் கூட்டம் கூட்டுக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். பாஸுக்குப் புதுத் தலைமுறை வராது. தின்ன ஆளில்லாத புளூகில் மேலும் நெருக்கும். நெருக்கத்தில் புளூகிலும் வளராது, கொஞ்ச நாளில் முட்டையிடுவதையே குறைத்துக்கொள்ளும். குளம் முழுக்க மீன் இருக்கும். பாஸுக்கு இரை இருக்காது. இரை மீன் தீர்ந்துபோன குளத்தை அடுத்த வசந்தத்தில் சரிசெய்துவிடலாம். வாயில் நுழையாத இரை நிறைந்த குளம் தானாகச் சரியாகாது.

முதல் கோடையில் பாஸ் பிடிப்பது கூடாது. மாட்டினால் ஈரக் கையால் பிடித்து விட்டுவிடவேண்டும். தென்பகுதியில் அவை ஓராண்டில் அரை பவுண்டு முதல் ஒரு பவுண்டு வரை எட்டி, மறு வசந்தத்தில் நீர் 16 முதல் 20 டிகிரி இருக்கும்போது முதல் முட்டை இடும். அதுவரை குளத்தின் எதிர்காலம் அந்த நூறில் தங்கியவை மட்டுமே.

புளூகிலுக்கு மிதக்கும் பெல்லட் தீவனம் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கட்டாயமில்லை. 28 முதல் 32 சதவீதம் புரதமுள்ள சிறு பெல்லட்டை, நீர் 15 டிகிரிக்கு மேல் இருக்கும் மாதங்களில், தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கால் மணிக்குள் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் இடவேண்டும். தாய் புளூகில் பருக்கும், முட்டையும் கூடும். மிஞ்சி அடியில் இறங்கும் தீவனம் அழுகிப் பிராணவாயுவைத்தான் தின்னும்.

இரண்டாம் கோடை: வலை என்ன சொல்கிறது

ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ கரை இழுவலை போடுவதே இந்த ஆய்வின் நடுப்புள்ளி. பதினைந்தடி நீளம், நாலடி உயரம், கால் அங்குலக் கண்ணுள்ள வலை போதும். ஒருவர் கரையில் கழியை ஊன்றி நிற்க, இன்னொருவர் மறுமுனையைப் பிடித்து நீருக்குள் இறங்கி, வளைவாகச் சுற்றிக் கரைக்கு வரவேண்டும். அடிக்கயிறு தரையை விட்டு எழும்பினால் குஞ்சு அனைத்தும் கீழே நழுவிவிடும்; அதைக் காலால் அழுத்திக்கொண்டே வரவேண்டும். குளத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் இழுக்கவேண்டும். கிடைத்ததை மூன்றாகப் பிரிக்கவேண்டும்: இவ்வாண்டு பொரித்த பாஸ் குஞ்சு, ஒரு அங்குலத்துக்கும் சிறிய புளூகில் குஞ்சு, மூன்று முதல் ஐந்து அங்குல நடுத்தரப் புளூகில்.

பாஸ் குஞ்சு இருக்கிறது, புளூகில் குஞ்சு நிறைய, நடுத்தரம் கொஞ்சம்: குளம் சமநிலையில் இருக்கிறது, ஒன்றும் செய்யவேண்டாம். பாஸ் குஞ்சு இருந்து, புளூகில் குஞ்சும் நிறைய இருந்து, நடுத்தரம் அறவே இல்லாவிட்டால் பாஸ் கூடிக்கொண்டிருக்கிறது. பாஸ் குஞ்சே இல்லை, புளூகில் குஞ்சும் இல்லை, ஆனால் நடுத்தரப் புளூகில் வலையைக் கிழிக்கும் அளவுக்கு என்றால், மேலே சொன்ன தீராத நெருக்கம். பாஸ் குஞ்சும் இல்லை, புளூகில் குஞ்சும் இல்லை, நடுத்தரமும் அரிது என்றால் வேறு மீன் உள்ளே புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். கிரீன் சன்ஃபிஷ், கிராப்பி, புல்ஹெட் வலையில் இருக்கிறதா என்று தேடவேண்டும்.

ஒரே இழுப்பை வைத்து முடிவு கட்டக்கூடாது. வலை ஓரத்தை மட்டுமே தொடுகிறது. தூண்டில் குறிப்பேட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பிடிபடும் பாஸ் எல்லாம் 8 முதல் 12 அங்குலம், தலை பெருத்து வயிறு ஒட்டியிருக்கிறது, புளூகில் மட்டும் எட்டங்குலம் கொழுத்திருக்கிறது என்றால் பாஸ் நெருக்கம். புளூகில் எல்லாம் விரல் நீளம், பாஸ் எப்போதாவது ஒன்று, அதுவும் பெரிதாக, என்றால் புளூகில் நெருக்கம். எடையும் உதவும்: நல்ல நிலையிலுள்ள 30 செ.மீ. பாஸ் 400 கிராமையொட்டி இருக்கும், 38 செ.மீ. பாஸ் 800-க்குச் சற்று மேலே. 30 செ.மீ. பாஸ் 340 கிராமுக்கும் கீழே நின்றால் அது பட்டினி.

கொஞ்சம் பெரிய கணக்கு வேண்டுவோருக்கு: பிடித்த பாஸில் 8 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றை எண்ணி, அதில் 12 அங்குலத்தைத் தாண்டியவை எத்தனை சதவீதம் என்று பார்க்கவேண்டும். 40 முதல் 70 வரை இருந்தால் சரி. புளூகிலுக்கு 3 அங்குலமும் 6 அங்குலமும் எல்லைகள். 20 முதல் 60 சதவீதம். ஐம்பது மீனாவது அளக்காமல் இந்த எண்ணை நம்பக்கூடாது.

கெட்டதைச் சரிசெய்வது

புளூகில் நெருக்கத்துக்குக் கைகண்ட வழி நீரைக் குறைப்பது. இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து, நீர்ப்பரப்பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை சுருக்கினால், கரையோரப் பூண்டிலும் கல்லிடுக்கிலும் ஒளிந்திருந்த சிறு புளூகில் வெட்டவெளிக்கு வரும். நீர் குளிர்ந்து முடங்குமுன் பாஸ் அவற்றை நன்றாகத் தின்னும். மதகே வைக்காமல் கட்டிய குளங்களில் இதைச் செய்ய வழியில்லை; குளம் வெட்டும்போதே அடிமட்டக் குழாயும் மதகும் வைக்கச் சொல்வது இதற்காகவும்தான். கூடவே எட்டு முதல் பத்து அங்குல பாஸ், ஏக்கருக்கு 20 முதல் 35 விடலாம். இரண்டங்குல விரலியை விட்டால் மூன்றங்குலப் புளூகிலுக்கு நடுவில் அது பட்டினி கிடக்கும். பூண்டு குளப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் அதையும் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் என்ன பாஸ் விட்டாலும் இரை ஒளிந்துகொள்ளும். இவ்வளவும் பலிக்காதபோது, முழுக்க வடித்து மறுபடி தொடங்குவதே மலிவு. மூன்று ஆண்டு ஒட்டுப்போடுவதைவிட அது நல்லது என்பது எங்கள் கருத்து.

பாஸ் நெருக்கம் இன்றைக்கு அதிகம் காணப்படுவது. பிடித்ததைத் திரும்ப விடும் பழக்கத்தை ஆற்றிலும் பெரிய ஏரியிலும் கற்றுக்கொண்டு வருகிறவர், ஒரு ஏக்கர் குளத்திலும் ஒரு பாஸையும் எடுக்கமாட்டேன் என்கிறார். பாஸ் ஆண்டுக்கொருமுறை பொரிக்கிறது. எடுக்காவிட்டால் குளம் பத்தங்குல பாஸால் நிறைகிறது. அவை நடுத்தரப் புளூகிலைத் துடைத்துவிடுகின்றன. அப்போது குளக்காரர் ‘இரை மீன் போதவில்லை’ என்று மினோ வாங்க ஓடுகிறார். வாங்கவேண்டியது மினோ அல்ல, மீன் வறுக்கும் சட்டி. 12 அங்குலத்துக்குக் கீழுள்ள பாஸை ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 முதல் 14 கிலோ வரை எடுத்தால், வளர இடம் கிடைத்த மீதி பாஸ் மறு ஆண்டே தடிக்கும்.

மற்ற இரை மீன்கள்

கோல்டன் ஷைனர் எட்டங்குலத்துக்கும் வளர்வதால் பெரிய பாஸுக்கு உதவும் என்பார்கள். ஆனால் புதுக் குளத்தில் மற்ற மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னக்கூடியது. முதல் ஆண்டுகளில் தவிர்ப்பது நல்லது. திரெட்ஃபின் ஷாட் மிதவையை வடிகட்டித் தின்னும் அருமையான இரை. எனினும் நீர் 7 டிகிரிக்குக் கீழே போனால் கூட்டத்தோடு சாகும், கைபட்டாலே செதில் உதிரும், சின்னக் குளத்துக்குப் பொருந்தாது. கிஸார்ட் ஷாட் சாகாது, அதுதான் அதன் குறை: வெகு சீக்கிரம் பாஸ் வாய்க்கு மீறி வளர்ந்து, குளத்தின் எடையில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த மீனொன்றும் இந்தப் பட்டியலில் உண்டு: ஜிலேபி கெண்டை. சட்டம் அனுமதிக்கும் சில தென் மாநிலங்களில், வசந்தத்தில் நீர் 20 டிகிரியை எட்டியதும் பெரிய ஜிலேபியை, ஏக்கருக்கு 5 முதல் 10 கிலோ, பாஸ் குளத்தில் விடுகிறார்கள். சிறியதை விட்டால் பாஸ் அன்றைக்கே தின்றுவிடும். எட்டங்குலத்துக்கு மேற்பட்டது வேண்டும். அது இழைப்பாசியைத் தின்று, வாயில் முட்டையை அடைகாத்து, கோடை முழுக்கக் குஞ்சு விட்டுக்கொண்டே இருக்கும். நீர் 10 டிகிரியை நெருங்கும்போது மந்தமாகிச் செத்துப்போகும். சாகுமுன் பாஸுக்கு விருந்து. ஆண்டுக்கொருமுறை குளிர் வந்து கணக்கை முடித்துவைப்பதால்தான் இது அங்கே நடக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட அதே மீன் தமிழ்நாட்டுச் சமவெளிக் குளங்களில் எந்தக் குளிருக்கும் சாவதில்லை. விரால் வளர்க்கும் பண்ணைக்குட்டையில் இரையென்று ஜிலேபியை விடுகிறவர், விராலின் வாய் அகலத்தையும் ஜிலேபி பொரிக்கும் வேகத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும். கைப்பிடி அளவில் நின்றுபோன ஜிலேபியால் நிறைந்த குளம் மூன்றங்குலப் புளூகில் குளத்தின் அச்சு அசல் நகல்.

மூன்றாம், நான்காம் கோடை

பாஸின் முதல் முட்டை பொரித்ததை இழுவலையில் உறுதிசெய்த பிறகு பிடிக்கத் தொடங்கலாம். உரமிட்ட குளத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 முதல் 14 கிலோ பாஸ், உரமிடாததில் அதில் பாதி. ஒரு கிலோ பாஸுக்கு நாலைந்து கிலோ புளூகில் என்ற விகிதத்தில் புளூகிலும் எடுக்கவேண்டும். ஒரே வாரக் கடைசியில் விருந்தாளிகளைக் கூட்டி மொத்தத்தையும் பிடித்துவிடுவது பழைய தவறு. பாஸ் கூட்டம் சட்டெனக் குறைந்தால் அந்தக் கோடையில் பொரித்த புளூகில் அத்தனையும் தப்பிவிடும். மாதங்களில் பரப்பி எடுக்கவேண்டும். 12 முதல் 15 அங்குல பாஸை விட்டுவிட்டு அதற்குக் கீழுள்ளதை எடுப்பது பொதுவான விதி.

மூன்றாம் ஆண்டில் வளர்ச்சி கொஞ்சம் தளர்வதைக் கண்டு பயப்படவேண்டாம். புதிதாக மூழ்கிய மண்ணிலிருந்து வெளிவந்த சத்து முதல் ஓரிரு ஆண்டுகளில் கொடுத்த வேகம் அது, நிலைக்காது. அப்போது செய்யவேண்டியது காரத்தன்மையை மறுபடி அளப்பது. 20-க்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி சுண்ணாம்பு. நீர் நிறைய வெளியேறும் குளத்தில் மூன்று நாலு ஆண்டுகளுக்கொருமுறை தேவைப்படும். ஜூன் இழுவலையை நான்காம் கோடையிலும் விடாமல் போடவேண்டும். ஒவ்வொரு ஆண்டும் அதே இடங்களில், அதே வலையால், அதே மாதத்தில் இழுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். தேதி, நீர் வெப்பம், செக்கி ஆழம், மூன்று பிரிவுகளிலும் எத்தனை என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், ஐந்தாம் ஆண்டில் குளத்தில் மீனை மாற்றவேண்டுமா, உரத்தை மாற்றவேண்டுமா என்பதை அந்த நான்கு பக்கங்களைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.